மென்பொருளுக்கு முன் ஒரு கொப்பி

கேள்வி: அக்கா, வீட்டில் யோகட் செய்து திருகோணமலை டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பால், உறை, பக்குவம் எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் சில நாள் நன்றாக இறுகுகிறது, சில நாள் தண்ணீர் விட்டுப் புளித்துப்போகிறது. மருந்துக் கம்பனிகள் நொதித்தலுக்குத் தரவு மென்பொருள் பாவிக்கிறார்களாம், மகன் சொல்கிறான். எங்களுக்கும் அது தேவையா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: மகன் சொன்னது சரி, தங்கச்சி. இன்சுலின் போன்ற மருந்துகளை உயிருள்ள கலங்களை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். அவை வளரும் தாங்கியின் வெப்பநிலை, பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், அது இறங்கினால் புளிப்பு கூடும்), கரைந்த ஒட்சிசன் ஆகியவற்றை உணரிகள் விடாமல் அளக்கும். குளுக்கோஸ், கலங்களின் எண்ணிக்கை போன்றவை பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்கு மாதிரி போய்த்தான் தெரியும். ஒன்று இயந்திரத்தில், ஒன்று எக்செல்லில், இன்னொன்று கொப்பியில் கிடந்தால், நேற்று மாலை ஒட்சிசன் இறங்கியதையும் இன்று லக்ரிக் அமிலம் ஏறியதையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. மென்பொருள் இவற்றை ஒரே தொகுதி (ஒரு தடவையில் செய்தது) இலக்கத்தின் கீழ், ஒரே நேர வரிசையில் அடுக்கும். முன்பு நன்றாக வந்த தொகுதிகளின் வரைகோட்டோடு இன்றையதை ஒப்பிட்டால், விலகல் தொடங்கும்போதே பிடித்துவிடலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்பதும் அழியாமல் இருக்கும். அமெரிக்காவில் மின்னணுப் பதிவுகளுக்கு 1997 இலேயே இதை விதியாக்கிவிட்டார்கள்.

நொதித்தல் கூடத்தில் வேலை செய்த காலத்தில் நான் அதிகம் பயந்தது, இரவு வேலைக்காரர் விடிந்தபிறகு ஞாபகத்தில் இருந்து எழுதிய கணக்குகளுக்குத்தான். அப்படி எழுதியதை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

ஆகவே இப்போது மென்பொருள் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பிஎச் மானியும் நல்ல வெப்பமானியும் வாங்குங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்கிறீர்கள், எழுதி வைத்திருக்கிறீர்களா? யோகட்டின் இரண்டு பக்டீரியாக்களுக்கும் 42, 43 பாகைச் சூடு பொருந்தும். பிஎச் 4.6 ஐ நெருங்கும்போது இறுகிவிடும். இறுகிய பிறகும் சூட்டில் விட்டால் புளிப்பு ஏறும், தண்ணீர் பிரியும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிர்சாதனப் பெட்டிக்குப் போகமுன் வெளியில் இருக்கும் அரை மணித்தியாலமும் கணக்கில் வரும். மாட்டுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசி போட்ட நாட்களின் பாலை எடுக்கவே வேண்டாம். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுதாகப் போகாது, உறையும் மந்தமாகிவிடும்.

பால் யாருடையது, எப்போது வந்தது, உறை சேர்த்தபோது சூடு எவ்வளவு, 4.6 க்கு எத்தனை மணிக்கு வந்தது, எப்போது குளிரில் வைத்தீர்கள் என்பதை அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். அளப்பதற்கென்றே ஒரு கிண்ணத்தை ஒதுக்கிவிடுங்கள். மகன் இரவில் எக்செல்லில் ஏற்றட்டும், ஒரு தொகுதிக்கு ஒரு வரி. கிண்ண மூடியிலும் அதே தொகுதி இலக்கம் இருக்கவேண்டும். கடைக்காரர் எதையாவது திருப்பித் தந்தால், நேரே அந்த வரியைப் பாருங்கள்.