கதிர் கப, கதிர் பக: இரண்டும் ஒன்றா?

வடிவியலில் க, ப என்ற இரு புள்ளிகள் வழியே போகும் நேர்கோட்டைக் கப என்றாலும் பக என்றாலும் ஒன்றுதானே, கதிருக்கு மட்டும் ஏன் எழுத்து வரிசை என்று கேட்டிருக்கிறீர்கள். கதிருக்குத் தொடக்கப்புள்ளி உண்டு, முடிவு கிடையாது. அந்தத் தொடக்கத்தைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஒத்தக்கடையில் மொட்டை மாடியில் நின்று யானைமலையைப் பார்த்து டார்ச் அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டார்ச் முனை க, வெளிச்சம் விழும் பாறை ப. நிஜ வெளிச்சம் பாறையோடு நின்றுவிடும். கதிர் கப பாறையைத் துளைத்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். சரி, பாறையிலிருந்து ஒருவர் உங்கள் மேல் அடித்தால்? அது கதிர் பக, உங்கள் முதுகைத் தாண்டிப் போகும். இரண்டுக்கும் பொதுவானது நடுவிலுள்ள கோட்டுத்துண்டு மட்டும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், முழுக் கோடே கிடைத்துவிடும்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம், எழுத்துகளுக்கு மேலே போடும் அம்புக்குறி எப்போதும் வலப்பக்கம் பார்த்தே இருக்கட்டும்.