‘நான் பாவி’ என்று சொன்னால் போதுமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். குடும்ப ஜெபத்தில் தினமும் ‘நான் பாவி, புழு, தூசி’ என்றுதான் தொடங்குகிறேன். மனசில் ஒன்றும் அசைவதில்லை. கண்ணீர் வராத மனந்திரும்புதல் தேவனிடம் செல்லுமா?
- வாசகர், நாசரேத்

பதில்: கண்ணீரை வைத்து அளக்காதீர்கள். ஆசீர்வாதத்தை இழந்த ஏசா கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணவில்லை என்கிறது எபிரெயர் 12:17. உங்கள் ஜெபத்தில் இல்லாதது வேறு. அதில் இன்னது செய்தேன் என்று ஒரு பாவம்கூட இல்லை.

லூக்கா 18-இல் ஜெபிக்க வரும் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) ‘பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்று ஒரே வாக்கியம்தானே சொன்னான் என்பீர்கள். அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே சகேயு என்ற ஆயக்காரன் கணக்கோடு பேசுகிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப.

ஜெபத்துக்கு உட்காருமுன் ஐந்து நிமிஷம் தனியே இருந்து, காலை முதல் நடந்ததை வரிசையாக நினைத்துப் பாருங்கள்: வீடு, கடை, வண்டி, செல்போன். உறுத்துகிற ஒன்றை மட்டும் எடுங்கள். ‘வியாபாரத்தில் தவறினேன், ஆண்டவரே’ என்பது நழுவல். ‘கருப்பட்டி எடையில் 100 கிராம் குறைத்தேன், அந்தப் பாட்டி எண்ணிப் பார்க்கமாட்டார் என்று தெரிந்தே செய்தேன்’ என்பது அறிக்கை. ‘ஆனால்’ என்று நாக்கு தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் வக்கீல் வாதம். இதை வீட்டார் முன் சொல்லவேண்டியதில்லை, தனி ஜெபத்தில் சொன்னால் போதும்.

மறுநாள் அந்தப் பாட்டிக்குப் பாக்கியைக் கொடுங்கள். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறது; 100 ரூபாய்க்கு 120. வாங்க ஆள் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேரும் (எண்ணாகமம் 5:8). பேர் எழுதாத கவரில் காணிக்கையாகப் போடுங்கள்.

கேள்வி: ஓரகத்தியோடு பேச்சுவார்த்தை இல்லை. பெண்கள் உபவாச ஜெபத்தில் எழுந்து அறிக்கை செய்யலாமா?
- வாசகி, சாயர்புரம்

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:24. சபை நடுவே சண்டை போட்டிருந்தால் சபையில் அறிக்கை. அடுக்களையில் பேசியது அடுக்களையோடு. நம் ஊர்களில் ஜெபக்கூட்டத்தில் சொன்னது பொழுது சாயுமுன் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், அவமானம் அவருக்கும் சேர்த்துத்தான்.

‘அக்கா, அத்தைகிட்ட உங்களப் பத்தி இல்லாததச் சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான், மன்னிச்சிருங்க’. இவ்வளவுதான் பேச்சு. ‘நீங்களும் அன்னைக்கு...’ என்று தொடர்ந்தால், அதே லூக்கா 18-இல் ஜெபத்தின் நடுவே ஆயக்காரனைச் சுட்டிக்காட்டித் தன்னை மெச்சிக்கொண்ட பரிசேயனாகிவிடுவோம். வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தவன்தான் அவனும். அவர் முகம் கொடுக்காவிட்டாலும் மனம் தளரவேண்டாம். ‘உங்களாலானமட்டும்’ என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது.

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வேதாகமத்தின் எந்தச் சங்கீதங்களை வாசிக்கலாம்?
- வாசகர், முதலூர்

பதில்: மனந்திரும்புதலின் சங்கீதங்கள் ஏழு: 6, 32, 38, 51, 102, 130, 143. லெந்தின் 40 நாளில் ஞாயிறு சேராது, ஆகவே வாரத்துக்கு ஆறு நாள். சின்னதான 6-ஐயும் 130-ஐயும் திங்களன்று சேர்த்து வாசியுங்கள். 51 வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும். 32-ஐ ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். அடக்கிவைத்ததால் எலும்புகள் உலர்ந்தன என்று புலம்பும் பகுதி 4-ஆம் வசனத்தோடு முடிகிறது. அங்கே நிறுத்தி, அடக்கிவைத்திருப்பதைச் சொல்லிவிட்டு 5-ஐ வாசியுங்கள்.