பள்ளி முகாமில் ‘புரதம் 1+’: கிட்னி கெட்டுவிட்டதா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பள்ளி மருத்துவ முகாமில் சிறுநீரைச் சோதித்து ‘புரதம் 1+’ என்று சீட்டு கொடுத்தார்கள். அவள் நன்றாகத்தான் ஓடியாடுகிறாள். பயத்தில் முட்டை, பருப்பை நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: முட்டையையும் பருப்பையும் இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். சிறுநீரில் தெரியும் புரதம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நேராக வருவதில்லை. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டிக் கசிந்தால் வருவது அது. வளரும் பிள்ளையின் வயிற்றைக் காயப்போட்டு அதை நிறுத்த முடியாது.

அப்புறம், அந்த ஒரு பிளஸ். சோதனைப் பட்டையின் நிறத்தை வைத்துச் சொல்லும் குறைந்த அளவு அது. முகாமில் மாதிரி எடுத்தபோது மணி பதினொன்று ஆகியிருக்கும். அதற்குள் பிரேயரில் நின்று, பி.டி. பீரியடில் ஓடி, தண்ணீரும் குடிக்காமல் இருந்திருப்பாள். ஓட்டம், காய்ச்சல், கெட்டியான சிறுநீர் எதுவானாலும் சோதனைப் பட்டை நிறம் மாறிவிடும். இந்த வயதில் சிலருக்கு நின்று நடமாடும்போது மட்டும் புரதம் கசியும், படுத்தால் நின்றுவிடும். அதற்குச் சிகிச்சையே தேவையில்லை.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். இரவு படுக்கும் முன் மகளைச் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் நேரே கழிவறைக்குப் போய், முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். லேபில் தரும் டப்பாவில்தான். கழுவிய ஊறுகாய் பாட்டில் வேண்டாம். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். லேபில் ‘புரதம்–கிரியாட்டினின் விகிதம்’ கேளுங்கள் (கிரியாட்டினின் என்பது சிறுநீரில் வெளியேறும் தசைக் கழிவு), சிறுநீரில் ரத்த அணுக்கள் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். விகிதம் 0.2-க்குக் கீழே, ரத்தமும் இல்லை என்றால் கவலையை விடலாம்.

ஜப்பானில் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இந்தச் சோதனை உண்டு. வீட்டில் பிடித்த காலைச் சிறுநீரைச் சின்னக் குப்பியில் பள்ளிக்கு எடுத்துப் போவார்கள். வலியே காட்டாமல் சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்கும் ஐஜிஏ நெஃப்ரோபதி போன்ற நோய்கள் அங்கே இப்படித்தான் ஆரம்பத்திலேயே சிக்குகின்றன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி 2007-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்யும் பரிந்துரையைக் கைவிட்டது. நான் ஜப்பான் கட்சி. ஆனால் பதினொரு மணிச் சிறுநீரை வைத்துச் சீட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

காலை மாதிரியிலும் புரதமோ ரத்தமோ தெரிந்தால், சில நாள் விட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இருந்தால் குழந்தைகள் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள், பி.பி., ரத்தத்தில் கிரியாட்டினின், ஸ்கேன் பார்ப்பார். குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே காது மந்தமோ, டயாலிசிஸோ இருந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். காலையில் கண் இமை வீங்கினாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ இந்தக் காத்திருப்பெல்லாம் கூடாது. அன்றைக்கே கூட்டிப் போங்கள்.