கனவு மீன்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை, வேலை சென்னையில். சமீபத்தில் ஒரு காணொளி பார்த்தேன். மத்தியதரைக் கடலில் ஒரு மீன் இருக்கிறதாம். அதைத் தின்றால் இரண்டு நாளைக்குப் போதை, கண்முன்னே காட்சிகள் எல்லாம் வருமாம். ரோமானியர்கள் விருந்துகளில் இதைச் சாப்பிட்டார்களாம். நம் நாகப்பட்டினம், கோடியக்கரைப் பக்கம் அப்படி ஏதாவது மீன் உண்டா? அமெரிக்காவில் தேரையை நக்குகிறார்கள் என்கிறார்களே, நிஜமா? சித்தர் பாடல்களில் இதற்குக் குறிப்பு இருக்கிறதா? இயற்கையாகக் கிடைக்கும் போதையில் கெடுதல் இருக்காது என்பது என் எண்ணம். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு அனுபவம் உதவும்தானே?

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

சித்தர் பாடலை விட்டுவிடுவோம். புரியாதது எது வந்தாலும் சித்தர் தலையில் கட்டும் பழக்கம் நமக்கு எப்போது போகுமோ. ரோமானியர் விருந்தும் அதே ரகம்தான்.

ஆனால் மீன் நிஜம். சர்ப்பா சல்ப்பா என்று பெயர். வெள்ளி உடம்பில் பொன் நிறக் கோடுகள் ஓடும், பார்க்க அழகான மீன். 2006இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அதைத் தின்ற இரண்டு பேரின் கதையைப் பதிவுசெய்தார்கள். ஒருவர் நாற்பது வயதுக்காரர். 1994இல் விடுமுறைக்குப் போன இடத்தில் சாப்பிட்டார். மறுநாள் குமட்டலோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவருக்கு வழியெல்லாம் மிருகங்கள் அலறுவது கேட்டது, காரைச் சுற்றிப் பெரிய பெரிய பூச்சிகள் மொய்ப்பது தெரிந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தெளிய 36 மணி நேரம் ஆயிற்று. நடந்தது எதுவும் பிறகு அவருக்கு நினைவில்லை. இன்னொருவர் தொண்ணூறு வயதுக் கிழவர். அவருக்கு 2002இல். மனிதர்கள் ஓலமிடுவதும் பறவைகள் கிறீச்சிடுவதும் காதில் விழுந்தன, இரண்டு ராத்திரி கெட்ட கனவுகள். புத்தி பேதலிக்க ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்து அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இதைத்தான் உங்கள் காணொளிக்காரர் போதை என்கிறார். தம்பி, கள்ளுக்கடையில் இப்படி ஒன்றை ஊற்றிக் கொடுத்தால் அடிக்க வருவீர்கள்.

நம் கரையைக் கேட்டிருந்தீர்கள். ஓரா மீன் தெரியுமா? கோடியக்கரையிலிருந்து தெற்கே பாக் நீரிணை முழுக்கக் கிடைக்கும். அதே குடும்பத்து மீன்களைப் பற்றி ரீயூனியன் தீவில் தின்றால் கிறங்கும் என்று பேச்சு உண்டு. ஹவாயில் நம் நவரை இனத்து மீன் ஒன்றின் தலையைத் தின்றால் பேய்க்கனவு வரும் என்று பாஹுலு என்ற பேய்த்தலைவன் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். நான் ஐம்பது வருஷமாக ஓரா தின்கிறேன். கனவில் கடன்காரர்கள்தான் வந்தார்கள். ஓராவில் ஏதாவது காட்சி பார்த்தே தீர வேண்டுமென்றால் அதன் முதுகு முள்ளைக் கையில் குத்திக்கொள்ளுங்கள். அதில் விஷம் உண்டு, நன்றாகத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ‘இயற்கையாகக் கிடைக்கும் போதை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே. மீன் ஏதோ உங்களுக்காகக் காய்ச்சி வடித்து வைத்திருப்பதுபோல. இந்த மீன்கள் கடலடியில் மேய்கிற மீன்கள். விஷயம் அந்த மேய்ச்சலிலிருந்துதான் வருகிறது என்று கருதுகிறார்கள். அதனால்தான் அதே மீனைத் தின்ற பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈரலில் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, வேகவைத்தாலும் போகாது. புத்தி தெளிவாக இருக்கும்போதே கை கால் மூச்சு எல்லாம் நின்றுபோகும். அந்த மீனையே தொட்டியில் வைத்து, தீவனத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டு வளர்த்தால் நஞ்சே இல்லாமல் வளர்கிறது. தோலில் நஞ்சுள்ள தென் அமெரிக்க அம்புத் தவளையும் அப்படித்தான். கூண்டில் பிறந்து வளர்ந்தால் வெறும் தவளை. கி.மு. 400 வாக்கில் கருங்கடல் ஓரத்தில் தேன் குடித்த கிரேக்கப் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாக நிற்க முடியாமல் விழுந்தார்கள் என்று அவர்களோடு போன செனபோன் எழுதி வைத்திருக்கிறார். தேனீயா விஷம் வைத்தது? அது ரோடோடென்ட்ரான் பூவில் உட்கார்ந்துவிட்டு வந்தது, அவ்வளவுதான். மீனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அது நின்ற தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், திருத்துறைப்பூண்டிப் பக்கம். மதகடியில் கெண்டையும் கெளுத்தியும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ராத்திரியில் எவனோ பூச்சிமருந்தை ஊற்றி மீன் பிடித்திருக்கிறான். பெரியதைப் பொறுக்கிக்கொண்டு சிறியதை விட்டுவிட்டான். அதைப் பார்த்ததிலிருந்து அப்பாயி ஞாபகமாகவே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜனவரி 28இல் மேட்டூரை மூடினார்கள் என்றால் பங்குனிக்குள் எங்கள் வாய்க்கால் வற்றிவிடும். மடுவில் மட்டும் முழங்கால் தண்ணீர் நிற்கும், அதில் மீன் அடைந்து கிடக்கும். சித்தப்பா நாட்டு மருந்துக் கடையில் காக்காய்க்கொல்லி விதை வாங்கி வந்து, இடித்து, தவிட்டில் பிசைந்து உருண்டை பிடித்தார். மடுவில் போட்டுக் கொஞ்ச நேரம்தான். மீன்கள் மேலே வந்து தம்மைத் தாமே துரத்துவதுபோல வட்டமடித்தன. நான் கைதட்டிச் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த விதையில் இருப்பது பிக்ரோடாக்சின். மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கிற ஒரு கடிவாளம் உண்டு, அதை அறுத்துவிடும் சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதையே பீரில் கலந்து கிறுகிறுப்பை ஏற்றி விற்றிருக்கிறார்கள். ஏற்றுமதி செய்த நம் ஊர் விதைதான்.

பெரிய மீனை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து, செவுளையும் குடலையும் எடுத்து ஆய்ந்து குழம்பு வைத்தாள். பொடி மீனுக்கு யார் குடல் எடுப்பார்கள்? அதை அப்படியே மஞ்சள் தடவி வறுத்தாள். அப்பாயிக்குப் பல் கிடையாது, பொடி மீன்தான் பிடிக்கும். வட்டில் நிறையத் தின்றாள்.

விளக்கை அணைத்த பிறகு வாந்தி. கை நடுக்கம். அப்புறம் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “தண்ணி ஏறுதுடா, புள்ளைய மேல தூக்குங்க” என்று கத்த ஆரம்பித்தாள். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் தரையைக் காட்டி இடுப்பளவு, நெஞ்சளவு என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. மடுவிலிருந்து எதுவோ கூடவே வந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள், உடனே வேப்பிலை, விபூதி. இரண்டாம் நாள் ராத்திரியும் அதேதான். மூன்றாம் நாள் விடிந்ததும் எழுந்து வாசல் தெளித்தாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சித்தப்பா மட்டும் மிச்ச விதையைக் கொல்லையில் புதைத்தார்.

எத்தனையோ வருஷம் கழித்து, நான் கல்லூரிக்குப் போகிற நாளில், அவளாகச் சொன்னாள். 1952 கார்த்திகைப் புயலில் கொட்டிலில் கட்டிய கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட மறந்துபோயிருக்கிறாள். தண்ணீர் ஏற ஏற அது கத்தியதைப் பரண்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மீன் தின்ற இரண்டு ராத்திரியும் அதே சத்தம், அதே இடத்திலிருந்து. “ஏன் அப்பாயி அப்பவே சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா கெழவிக்குப் பைத்தியம்னு கட்டிப் போட்டுருப்பானுவ” என்றாள்.

அந்தப் பிரெஞ்சுக் கிழவரைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எழுதுவதற்கு உதவுமா என்று கேட்டீர்கள். அந்தக் கன்றுக்குட்டியை வைத்து ஒரு கதை எழுத முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், வரவில்லை. பார்த்தவளுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவன் அன்றைக்குப் பெரிய மீனின் நடுத்துண்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப் போனான்.

வாய்க்காலில் விஷம் கலந்து மீன் பிடிப்பது 1897ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். எங்கள் மதகடியில் இதைச் சொன்னேன், சிரித்தார்கள்.

தேரையை மறந்துவிட்டேன். அமெரிக்க, மெக்சிகோ எல்லைப் பக்கம் சோனோரா பாலைவனத் தேரை ஒன்று உண்டு, அதன் சுரப்பை உலர்த்திப் புகைக்கிறார்கள். நம் கொல்லையில் இருப்பது அது இல்லை, இதன் தோலில் இருப்பது இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. நக்க வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு ஓரா வாங்கிக் கொடுங்கள். குடலை எடுத்துவிட்டுப் புளி கொஞ்சம் தூக்கலாக.

அன்புடன்