தினசரிப் பாவனைக்கு மலிவான வொய்ஸ் ரெக்கோடர்: எதைப் பார்த்து வாங்குவது?

வொய்ஸ் ரெக்கோடர் என்பது மைக்கில் விழும் குரலை எண்களாக மாற்றி, கோப்பாகச் சேமிக்கிற சின்னக் கருவி. கம்பஸ் விரிவுரையோ அம்மம்மாவின் பழங்கதையோ, எதைப் பதிவதானாலும் முதலில் பார்க்க வேண்டியது மைக்கையும் பற்றரியையும்தான்.

ஒலி தூரம் போகப் போக வேகமாகத் தேயும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் அதன் செறிவு கால்பங்காகிவிடும். அந்த மெல்லிய குரலைக் கருவி உயர்த்தும்போது ஃபேன் இரைச்சலும் கூடவே உயரும். குப்பி விளக்கில் படிப்பவர் விளக்கைப் புத்தகத்துக்குக் கிட்ட இழுப்பது போல, ரெக்கோடரையும் பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வேண்டாம். மடித்த துவாயின் மேல் வைத்தால் மேசையில் தட்டுகிற சத்தம் அவ்வளவாக ஏறாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த இரண்டையும் விட்டால் பயனில்லை.

பற்றரி கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பது நல்லது. கரண்ட் இல்லாத நாளிலும் சந்திக் கடையில் வாங்கிப் போடலாம். அப்புறம், யாழ்ப்பாண நகரில் வாங்கினால் கடையிலேயே பதிந்து, இயர்போனில் போட்டுக் கேட்டுவிட்டு காசைக் கொடுங்கள்.

நினைவகத்தின் அளவான ஜீபி கூடினால் குரல் தெளிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது பதியும் நேரம் மட்டும்தான், 128 கேபிபிஎஸ் (ஒரு செக்கனுக்குச் சேமிக்கிற தரவின் அளவு) எம்பி3 ஆகப் பதிந்தால் 4 ஜீபியிலேயே ஏறத்தாழ 60 மணி நேரம் பிடிக்கும்.