தலைக்கு மேலே சுவாதி: மும்பைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

செம்பூரிலிருந்து: மே மாதக் கடைசியில் சுவாதி நட்சத்திரத்தை எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் தேடுவது?

இரவு பத்தே கால் மணிக்கு அண்ணாந்து பாருங்கள். திசையே வேண்டாம். சுவாதி உச்சிக்கு வரும் கோடு இப்போது 19 டிகிரி 3 நிமிட (டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் இந்த நிமிடம்) வட அட்சரேகை, அதாவது மும்பைக்கு நேர் மேலே. சென்னைக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, அங்கே உச்சியை விட்டு ஆறு டிகிரி வடக்கே தள்ளிப் போகும். சந்தேகமாக இருந்தால் சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டுங்கள். முதலில் தட்டுப்படும் ஆரஞ்சு நிறப் பெரிய விண்மீன்தான் சுவாதி, ஆர்க்டூரஸ் என்பதும் இதுதான். இன்னும் நீட்டினால் வெளிர்நீலச் சித்திரை.

அண்ணாந்தபடி மட்டும் நடக்காதீர்கள். மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, என் முழங்காலுக்குத் தெரியும். பாய் விரித்துப் படுத்துவிடுங்கள்.

தாராவியிலிருந்து: சுவாதி வயதான நட்சத்திரமாமே. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நல்ல கேள்வி. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், சூடு ஏற ஏற வெளுக்கும். நட்சத்திரத்துக்கும் நிறம்தான் சூட்டைச் சொல்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், சுவாதி சுமார் 4,000 தான். சூடு குறைந்தது மங்கலாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் 37 ஒளியாண்டு தொலைவிலிருந்தும் இரவு வானில் நான்காவது பிரகாசம். அப்படியானால் உடம்பு பெரிதாக இருந்தாக வேண்டும். கணக்குப் போட்டால் விட்டம் சூரியனைப் போல 25 மடங்கு, ஒளி சுமார் 170 மடங்கு வருகிறது. எடையோ கிட்டத்தட்ட சூரியனுடையதுதான். நடுவில் எரிபொருளான ஹைட்ரஜன் தீர்ந்ததும் மையம் சுருங்கிச் சூடேற, வெளிப்பகுதி ஊதிப் பெருத்துவிட்டது. வயது ஏறக்குறைய 700 கோடி ஆண்டுகள். நம் சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகள் போனால் இப்படித்தான் ஊதும்.

முலுந்திலிருந்து: எப்போது வெடிக்கும்?

வெடிக்காது. அதற்குச் சூரியனைப் போல எட்டு மடங்கு எடையாவது வேண்டும். இது மேலுறையை உதறிவிட்டு வெள்ளைக் குள்ளனாக, அதாவது மெல்ல ஆறிப்போகும் சின்ன நட்சத்திரக் கருவாக, அடங்கிவிடும்.

அந்தேரியிலிருந்து: வெடித்தால் நமக்கு ஆபத்தா?

மேலே முலுந்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து: மகனுக்கு ஜென்ம நட்சத்திரம் சுவாதி. பஞ்சாங்கத்தில் சுவாதி போட்டிருந்த ராத்திரி பார்த்தால் நிலா எங்கோ தெற்கே கிடந்தது. பஞ்சாங்கம் தப்பா?

தப்பில்லை. சூரியன் போகும் பாதையிலிருந்து நிலா சுமார் ஐந்து டிகிரிக்கு மேல் விலகாது. சுவாதியோ அந்தப் பாதைக்கு 30 டிகிரி வடக்கே இருக்கிறது, நிலா அதன் பக்கமே போக முடியாது. பஞ்சாங்கத்து நட்சத்திரம் என்பது அந்தப் பாதையை 27 பங்கு போட்டதில் ஒரு பங்கு, சுவாதி அதற்குப் பெயர் மட்டும் கொடுத்திருக்கிறது. ஜாதகம் என் துறை இல்லை, அதைப் பார்க்கிறவரிடம் கேளுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து: 19 டிகிரி 3 நிமிடம் செம்பூர் ஆயிற்றே. சுவாதி எங்களுக்கு இல்லையா?

மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் உள்ள வித்தியாசம் வானத்தில் நிலாவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். பூமியின் அச்சு பம்பரம் போலத் தள்ளாடுவதால் அந்தக் கோடு ஆண்டுக்கு அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தெற்கே நகர்கிறது. சுவாதியின் சொந்த ஓட்டமும் அதில் கொஞ்சம் சேர்த்தி. 1718ல் ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி பழைய நட்சத்திர அட்டவணையோடு ஒப்பிட்டு, நட்சத்திரங்கள் இடம் மாறுகின்றன என்று கண்ட மூன்றில் இதுவும் ஒன்று. பொறுங்கள், செம்பூருக்குத் தெற்கே இருக்கும் உங்கள் பக்கம்தான் வருகிறது.

செம்பூரிலிருந்து மறுபடி: அப்போ எங்களை விட்டுப் போய்விடுமா?

போகும். வெறுங்கண்ணால் அதைக் கண்டுபிடிக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து கும்பிடுகிறேன்.

சயானிலிருந்து: நடுவில் நாங்கள் இருக்கிறோம், எங்களை யாரும் சொல்லவில்லையே!

சரி, சயானுக்கும் உண்டு. இத்தோடு இந்தப் பஞ்சாயத்து முடிந்தது.

கோரேகாவிலிருந்து: சுவாதி வெடிக்கப் போகிறதாமே?

வெடிக்காது, வெடிக்காது, வெடிக்காது. நீங்கள் கேள்விப்பட்டது திருவாதிரை. அது வேறு, சிவப்புப் பெருமீன்.

தானேயிலிருந்து: இதற்காகத் தொலைநோக்கி வாங்கலாமா?

வேண்டாம். நீங்கள் வாங்கக்கூடிய எந்தத் தொலைநோக்கியிலும் சுவாதி புள்ளிதான். நிலாவுக்கும் சனிக்கும் வேண்டுமானால் வாங்குங்கள். வாங்கினால் முக்காலியின் காலைக் குழாய் மேல் வைத்துவிடாதீர்கள்.