அமாவாசை அன்று ஒரு நகையை வைத்து மனதில் உறுதி எடுத்துக்கொள்வதால் உண்மையில் பயன் உண்டா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மா இப்போது இல்லை. அவருடைய தோடுகளில் ஒன்று தொலைந்துபோய் மற்றது மட்டும் உங்களிடம் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா, இல்லை பலரும் சொல்வதுபோல மூன்ஸ்டோன் என்ற கல் பதித்த மோதிரம் ஒன்று புதிதாக வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அந்த ஒற்றைத் தோடு போதும். ஆனால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் நாலு வருடமாக, ஏறக்குறைய ஐம்பது அமாவாசைகளாக இதைச் செய்துவருகிறேன். என்னிடம் இருப்பது அக்காவின் வெள்ளி மோதிரம். கல் கிடையாது, வேலைப்பாடும் கிடையாது. நான் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு நாளில், அக்கா எதுவும் பேசாமல் தன் விரலிலிருந்து அதைக் கழற்றி என் விரலில் மாட்டிவிட்டாள். அறிவுரை சொல்லியிருந்தால் எனக்கு இன்று ஒரு வார்த்தைகூட நினைவிருக்காது. அவள் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது.

முதல் அமாவாசையில் ஒரு தாளில் "பொறுமையாக இருப்பேன்" என்று எழுதி, மோதிரத்தை அதன் மேல் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு அணிந்துகொண்டேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அடுத்த மாதமும் அதே வாசகம், அதே கதி. மூன்றாவது மாதமும் அப்படியே. இத்தனைக்கும் மோதிரம் ஒரு நாள்கூட விரலை விட்டு இறங்கவில்லை.

நான்காவது அமாவாசைக்கு முன்னால்தான் என்னை நானே கேட்டுக்கொண்டேன்: பொறுமையாக இருப்பேன் என்றால் எப்போது, யாரிடம், எந்த நிமிடத்தில்? யோசித்துப் பார்த்தால், நாள் முழுக்க நான் கோபக்காரி இல்லை. மாலையில் வீட்டுக்குள் நுழைந்த முதல் ஐந்து நிமிடம்தான் சிக்கல். களைப்போடு கதவைத் திறப்பேன், பிள்ளை ஓடிவந்து ஏதாவது கேட்பான், என் வாயிலிருந்து சுருக்கென்று ஒரு வார்த்தை வரும். அவன் முகம் மாறும். அந்த ஐந்து நிமிடத்தில் கெட்டதைச் சரிசெய்ய அந்த இரவே போதாது.

அதனால் வாசகத்தை மாற்றினேன். "வீட்டுக் கதவின் கைப்பிடியில் மோதிரம் படும்போது, நின்று ஒரு மூச்சு விட்டுவிட்டு உள்ளே போவேன்." எங்கள் கதவின் கைப்பிடி உலோகம். மோதிரம் பட்டால் 'கிண்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். அதற்கு முன்பும் தினமும் அந்தச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. அந்த மாதத்திலிருந்து கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கு உளவியலில் பெயர் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், "இதை அடைவேன்" என்ற பொதுவான உறுதியையும், "இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்" என்ற திட்டத்தையும் பிரித்துக் காட்டுகிறார். 2006ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டாவது வகைத் திட்டம் எடுத்த காரியத்தை முடிக்கக் குறிப்பிடத்தக்க அளவு உதவுவது தெரிந்தது. முதல் மூன்று மாதம் என் மோதிரத்துக்கு நான் எந்த வேலையும் கொடுக்கவில்லை. நான்காவது மாதம் கொடுத்தேன். நடந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே உறுதியை எழுதும்போது அதில் ஒரு 'போது' இருக்கிறதா என்று பாருங்கள். "நல்ல வேலை கிடைக்க வேண்டும்" என்பது ஆசை. அது நிறைவேறுவது பாதி பிறர் கையில் இருக்கிறது. "காலையில் இந்தச் சங்கிலியை மாட்டும்போது, இன்று அனுப்ப வேண்டிய ஒரு விண்ணப்பத்தின் பெயரைச் சொல்லிக்கொள்வேன்" என்பது உங்கள் கையில் இருப்பது. நகைக்கு இங்கே ஒரு தனிச் சௌகரியம் உண்டு. தாளில் எழுதியது மேசையிலேயே கிடக்கும், கைபேசி நினைவூட்டலைப் பார்க்காமலே தள்ளிவிடுவோம். நகை உடம்போடு கூடவே, அந்த நிமிடம் வரைக்கும் வரும்.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. சில நாளில் நகை மறைந்துவிடும். தொலைவதைச் சொல்லவில்லை, உணர்விலிருந்து மறைவதைச் சொல்கிறேன். தொடு உணர்வு மாற்றத்துக்குத்தான் விழித்துக்கொள்ளும். ஒரே அழுத்தம் தொடர்ந்து இருந்தால் தோலின் நரம்புகள் அதைப் பற்றிச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன. புது மோதிரம் முதல் நாள் உறுத்துகிறது, பத்தாம் நாள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் மோதிரத்தைக் கழற்றி, கழுவித் துடைத்து, கை மாற்றிப் போடுகிறேன். வலது என்றால் இடது, இடது என்றால் வலது. அடுத்த நாலைந்து நாள் அது மறுபடியும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும். என் அமாவாசைச் சடங்கு மொத்தமும் இதுதான், பத்து நிமிடம்கூட ஆகாது. வளையல் அணிபவர்கள் மணிக்கட்டை மாற்றலாம், சங்கிலி அணிபவர்கள் நீளத்தை ஒரு கொக்கி கூட்டியோ குறைத்தோ மாட்டலாம்.

இதற்கு அமாவாசை எதற்கு, ஒன்றாம் தேதி போதாதா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். போதும். புது வாரம், புது மாதம், புத்தாண்டு, பிறந்தநாள் போன்ற தொடக்க நாட்களில் மனிதர்கள் புது முயற்சிகளில் அதிகம் இறங்குகிறார்கள் என்று 2014ல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் ஓர் ஆய்வில் காட்டினார்கள். பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுப் பக்கம் திறக்க மனம் ஒரு சாக்குத் தேடுகிறது. நிலா அந்தச் சாக்கை வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடங்களில் பதின்மூன்று முறை தருகிறது.

ஆனால் எனக்கு நிலாதான் பிடிக்கிறது, அதற்குக் காரணம் உண்டு. ஒன்றாம் தேதி வந்து போய்விடும், அதன் பிறகு மாதம் எங்கே நிற்கிறது என்று பார்க்க நாட்காட்டியைத் தேட வேண்டும். நிலா தானாகக் காட்டும். அமாவாசை அன்று அது சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைகிறது, இரவு முழுக்க வானில் இல்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சூரியன் மறைந்ததும் மேற்கே மெல்லிய பிறை தெரியும். அதைப் பார்த்தால், 'எடுத்ததை இன்னும் வைத்திருக்கிறேனா' என்று கேட்டுக்கொள்கிறேன். ஏழெட்டு நாளில் அரை நிலா, மாலையிலேயே வானில் உயரத்தில் நிற்கும். பதினைந்தாம் நாள்வாக்கில் சூரியன் இறங்கும்போது எதிர்த்திசையில் முழு நிலா ஏறும். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம். ஒரு மூச்சளவு பழக்கத்தை எடுத்துப் பார்க்க எனக்கு இது சரியான நீளமாகப் படுகிறது.

சரியான நேரத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். வானியல் கணக்கில் அமாவாசை என்பது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனும் நிலாவும் ஒரே திசைக்கு வரும் ஒரு கணம். உலகம் முழுவதற்கும் அந்தக் கணம் ஒன்றுதான், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. அது நள்ளிரவிலோ அலுவலக நேரத்திலோ வரலாம். பிறை தெரிவதற்குள் ஏதாவது ஓர் அமைதியான பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். நிலாவிலிருந்து நகைக்குள் ஏதோ இறங்குகிறது என்று நான் நினைக்கவில்லை. 'அமாவாசை நிலவொளியில் நகையை வைத்துச் சக்தி ஏற்றுங்கள்' என்ற அறிவுரையைப் பார்க்கும்போது, அன்று இரவு நிலவொளியே கிடையாதே என்றுதான் தோன்றுகிறது. எனக்கு அந்த இருட்டே போதுமானதாக இருக்கிறது. வெளியே பார்க்க எதுவும் இல்லாத இரவில் உள்ளே பார்ப்பது எளிது.

ஜன்னலோரம் வைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இரவில் வைத்ததை மறந்து பல நாள் வெயில் படவிட்டால் அமெதிஸ்ட், ரோஸ் குவார்ட்ஸ் போன்ற கற்களின் நிறம் வெளிறக்கூடும். 'பழைய எண்ணங்களைக் கழுவ' நகையை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். முத்தும் ஓபல் கல்லும் கெடும், வெள்ளி கறுக்கும், பசையால் ஒட்டிய கல் கழன்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது மென்மையான சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவு போதும். முத்து என்றால் ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

மூன்ஸ்டோனுக்கு வருகிறேன். சந்திரகாந்தக் கல் என்று நம் மொழியிலேயே அழகான பெயர் உண்டு. அது ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம வகையைச் சேர்ந்த கல். உள்ளே இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் மிக மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி இருப்பதால் ஒளி சிதறி, அந்த நீல வெண்மை மிதப்பதுபோலத் தெரிகிறது. பார்க்கப் பார்க்கத் தீராது. ஆனால் கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 6 முதல் 6.5 தான். சாதாரணத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் 7, அதனால் தூசியே அதைக் கீறிவிடும். அதோடு இரண்டு திசைகளில் எளிதாகப் பிளக்கும் தன்மையும் அதற்கு உண்டு. தினமும் கைப்பிடியிலும் மேசை விளிம்பிலும் மோதும் மோதிரத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டால் கழுத்தில் தொங்கும் டாலராக அணியுங்கள். நிலாவின் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். உங்களுக்கும் அந்தக் கல்லுக்கும் இடையில் இன்னும் எந்தக் கதையும் இல்லை.

கதை என்றேனே, அதுதான் எனக்கு இதில் மிக முக்கியம். என் மோதிரம் ஏன் வேலை செய்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அது பேசாமல் கொடுக்கப்பட்ட மோதிரம். நான் அதனிடம் கேட்டதும் பேசுவதற்கு முன் ஒரு நொடி மௌனம்தான். நகை வந்த விதமும் எடுத்த உறுதியும் உறவாக இருந்தன. இதே மோதிரத்தை வைத்துத் 'தினமும் ஓடப் போவேன்' என்று ஒருமுறை முயன்றேன், ஒட்டவே இல்லை. உங்கள் அம்மாவிடம் நீங்கள் பார்த்து, உங்களுக்கும் வேண்டும் என்று நினைத்த ஒரு சின்னப் பழக்கம் இருக்கும். பிறர் பேசும்போது வேலையை நிறுத்திவிட்டு முகம் பார்த்துக் கேட்பதாக இருக்கலாம், படுக்கும் முன் நாளைக்கானதை எடுத்து வைப்பதாக இருக்கலாம். அந்தத் தோடு அதற்குத்தான் பொருந்தும்.

எடுத்த உறுதியை மாதாமாதம் மாற்ற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்தின் பிற்பகுதியில் நான் செய்த பெரிய தவறு அது. 2010ல் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தை எடுத்து 12 வாரம் செய்துபார்த்தார்கள். பழக்கம் தன்னியல்பாக வர ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். இரண்டு அமாவாசை இடைவெளிகள் சேர்ந்தாலே 59 நாள்தான். ஆகவே ஒரே வாசகத்தை மூன்று அமாவாசைக்காவது வைத்திருங்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. தவறிய நாட்களில் இதை நினைத்துக்கொள்வது எனக்கு ஆறுதல்.

எழுதியதைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். முன்பு சொன்ன கோல்விட்சரே 2009ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 'நான் இப்படிப்பட்டவனாக ஆகப்போகிறேன்' என்பதைப் பிறர் கவனித்துவிட்டால் அதற்காக உழைப்பது குறைந்துவிடுவதைக் காட்டியிருக்கிறார். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் 'போஸி' மோதிரங்கள் என்று ஒரு வகை இருந்தது. சின்ன வாசகம் ஒன்றைச் செதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் வளையத்தின் உட்பக்கத்தில், தோலைத் தொடும்படி. வெளியே பார்ப்பவருக்கு வெறும் மோதிரம். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இப்போது உங்கள் தோடு. காதில் இருக்கும் நகை மற்றவர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடி இல்லாமல் நீங்கள் அதைப் பார்க்க முடியாது, கையும் தானாக அங்கே போகாது. நினைவூட்டுவதற்கு அதைவிட மோசமான இடம் இல்லை. நகை வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, பின்பக்கம் ஒரு சின்ன வளையம் பொருத்தி டாலராக்கித் தரச் சொல்லுங்கள். உருக்கிப் புது வடிவம் செய்து தருகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். அம்மா போட்டுத் தேய்ந்த தேய்மானம் அதில்தான் இருக்கிறது. கல்லோ முத்தோ பதித்திருந்தால் சூடு பட்டுக் கெடலாம் என்பதால், சூடில்லாமல் பொருத்த வழி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். திருகாணியைத் தூக்கிப் போட்டுவிடாமல் தனியே ஒரு டப்பியில் வையுங்கள்.

சங்கிலியின் நீளத்தைக் கண்ணாடி முன் நின்று முடிவு செய்யுங்கள். கழுத்துக் குழிக்குச் சற்றுக் கீழே, யோசிக்கும்போது கை தானாகப் போய்த் தொடும் இடம் ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கும். தோடு அங்கே வந்து நிற்க வேண்டும். முதல் சில நாள் தொட்டவுடன் கண் கலங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதற்காகவே தன் அப்பாவின் கைக்கடிகாரத்தை முதல் மாதம் வீட்டில் மட்டும் கட்டிக்கொண்டார். நீங்களும் அப்படியே தொடங்கலாம்.